வெளிநாட்டுப் பங்குகளில் முதல் முதலீடு: இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சம்பளம் ரூபாயில் வருகிறது. பி.எஃப்., வங்கி டெபாசிட், மாதாமாதம் போகும் எஸ்.ஐ.பி., கடன் வாங்கிக் கட்டிய வீடு எல்லாமே இந்தியாவுக்குள் இருக்கின்றன. நாட்டின் பொருளாதாரம் சில ஆண்டுகள் மந்தமாக ஓடினால் வேலையும் சேமிப்பும் சேர்ந்தே அடி வாங்கும். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் பணத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்குகளில் வைக்கச் சொல்கிறேன். அமெரிக்கச் சந்தை இப்போது நன்றாக ஏறுகிறது என்பது அதற்குக் காரணம் ஆகாது. இந்த நோக்கம் தெளிவாக இருந்தால், எவ்வளவு போடுவது, எதில் போடுவது என்ற கேள்விகளுக்குப் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும்.

நம் வீடுகளில் இருக்கும் தங்கம் ஓரளவு இந்த வேலையை ஏற்கெனவே செய்கிறது. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை டாலரில்தான். ரூபாய் சரிந்தால், டாலர் விலை அசையாவிட்டாலும் இங்கே பவுன் விலை ஏறும். ஆனால் தங்கம் லாபம் ஈட்டாது, டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) தராது. உலகின் பெரிய நிறுவனங்கள் இரண்டையும் செய்கின்றன.

இந்தக் கட்டுரை இந்தியாவில் வசிக்கும், பான் அட்டை உள்ள, இங்கே வரி கட்டும் ஒருவருக்கானது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் என்.ஆர்.ஐ.களுக்குச் சட்டம் வேறு. அவர்கள் தாங்கள் வசிக்கும் நாட்டின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே நாட்டை நம்பியவர்களுக்கு நடந்தது

ஜப்பானின் முக்கியப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உயரத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! ஒருவரின் முழுப் பணிக்காலமே அதற்குள் அடங்கிவிடும். ஜப்பான் ஏழை நாடும் இல்லை, அதன் நிறுவனங்கள் மோசமானவையும் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த விலைதான் அதிகம்.

அமெரிக்காவுக்கும் அப்படியொரு காலம் உண்டு. அங்குள்ள 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 1999 இறுதியில் 1,469. பத்தாண்டு கழித்து, 2009 இறுதியில், 1,115. அதே பத்தாண்டில் நம் சென்செக்ஸ் சுமார் 5,000லிருந்து 17,000க்கு மேல் போனது. அடுத்து வந்த ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், 2013 இறுதியிலும் 21,000 சொச்சத்தில்தான் நின்றது. அதே ஆறு ஆண்டுகளில் டாலர் 39 ரூபாயிலிருந்து 62 ரூபாய்க்கு ஏறியதால், எஸ் அண்ட் பி 500இல் இருந்த பணம் ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. எந்தப் பத்தாண்டு எந்த நாட்டுடையது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை.

2022இல் ரஷ்யாவில் நடந்தது இதைவிடக் கடுமையானது. போர் தொடங்கியதும் மாஸ்கோ பங்குச்சந்தை சில வாரங்கள் மூடப்பட்டது. வெளிநாட்டவரின் பங்குகள் முடங்கின. பங்குக் குறியீடுகளை வகுக்கும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் தன் வளரும் நாடுகள் குறியீட்டிலிருந்து ரஷ்யப் பங்குகளைக் கிட்டத்தட்ட சுழியம் விலையில் நீக்கியது. அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் குறியீட்டு பண்ட் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு சிறு கீறல். ரஷ்யாவை மட்டும் வாங்கியவர்களுக்கு மொத்தமும் போச்சு.

பல நாடுகளில் பரப்பி வைத்தால் நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008இலும் 2020 மார்ச்சிலும் எல்லாச் சந்தைகளும் ஒன்றாகத்தான் விழுந்தன. திடீர் வீழ்ச்சியில் பரவல் பெரிதாக உதவாது. ஒரு நாடு பத்து, இருபது ஆண்டுகள் தேங்கிப்போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முதல் படி: தயாரா என்று பாருங்கள்

ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறதா? கிரெடிட் கார்டு பாக்கி, நகைக்கடன், தனிநபர் கடன் முடிந்தனவா? குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் டேர்ம் இன்சூரன்ஸும் உண்டா? இல்லையென்றால் முதலில் அவை. போடும் பணம் ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படக் கூடாது. இந்தியக் குறியீட்டு பண்ட் ஒன்றில் இதுவரை எஸ்.ஐ.பி.யே போட்டதில்லை என்றால், அங்கே தொடங்கி ஓராண்டு ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பழகிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்

உலகப் பங்குச்சந்தைகளின் மொத்த மதிப்பைப் பின்பற்றும் எம்.எஸ்.சி.ஐ. ஏ.சி.டபிள்யூ.ஐ. குறியீட்டில் அமெரிக்காவின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல், இந்தியாவின் பங்கு சுமார் 2 சதவீதம். அதற்காக நம் பணத்தில் 98 சதவீதத்தை வெளியே அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. நம் செலவு ரூபாயில் இருக்கிறது. புதியவருக்கு நான் சொல்வது: பங்குகளில் போடும் பணத்தில் 10 சதவீதத்தில் தொடங்கி, பழகிய பிறகு 20 வரை போகலாம். 3 சதவீதம், 4 சதவீதம் என்று கிள்ளிப் போட்டால் பலனும் தெரியாது, வரிக் கணக்கு வேலை மட்டும் கூடும்.

இரண்டு வகைக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதல் வகை. அந்தச் செலவு டாலரிலோ யூரோவிலோ வரப்போகிறது. 2011 தொடக்கத்தில் 45 ரூபாயாக இருந்த டாலர் 2024 இறுதியில் 85ஐத் தாண்டியது. கல்லூரி தன் கட்டணத்தை ஒரு டாலர்கூட ஏற்றவில்லை என்றாலும், அப்பா அம்மாவுக்குச் செலவு ஆண்டுக்கு நாலரை சதவீதம் போல ஏறியிருக்கும். இவர்கள் அந்த இலக்குக்கான சேமிப்பில் பாதிவரைகூட வெளிநாட்டில் வைக்கலாம். சேர்க்கை நெருங்க இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது பங்குகளிலிருந்து படிப்படியாக வெளியே வந்துவிட வேண்டும். அதே சமயம், ரூபாய் எப்போதும் சரிந்துகொண்டே இருக்கும் என்பதும் விதியல்ல. 2002இல் 49 ரூபாய் வரை போன டாலர், 2007 இறுதியில் 39க்கு இறங்கியது.

இரண்டாம் வகை, ஓ.எம்.ஆரிலும் கோவையிலும் அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்த்து, சம்பளத்தின் ஒரு பகுதியாக நிறுவனம் தன் பங்குகளையே தரும் ஆர்.எஸ்.யு. பெறுபவர்கள். இவர்களிடம் வெளிநாட்டுப் பங்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது, ஆனால் ஒரே நிறுவனத்தில். சம்பளமும் சேமிப்பும் அந்த ஒரு நிறுவனத்தைச் சார்ந்திருப்பது நல்லதல்ல. ஆட்குறைப்பு வரும் காலத்தில்தான் பெரும்பாலும் பங்கு விலையும் சரியும். ஆர்.எஸ்.யு. கைக்கு வரும் நாளில் அதன் மதிப்பு சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது. எனவே அன்றைக்கே விற்றால் கூடுதல் மூலதன ஆதாய வரி ஏறக்குறைய இல்லை. விற்று, பரவலான குறியீட்டு பண்டுக்கு மாற்றுவதே இவர்களுக்கு முதல் வேலை. புதிதாகப் பணம் அனுப்ப வேண்டிய தேவையே இருக்காது.

மூன்றாம் படி: எந்த வழியாகப் போவது

மூன்று வழிகள் உள்ளன. இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்திய மியூச்சுவல் பண்ட் வழிதான் ஆக எளியது. எஸ் அண்ட் பி 500, நாஸ்டாக் 100 (அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள்) போன்ற குறியீடுகளைப் பின்பற்றும் பண்டுகளும், வெளிநாட்டு பண்ட் ஒன்றில் பணத்தைச் சேர்த்துப் போடும் பண்ட் ஆஃப் பண்டுகளும் இங்கே உண்டு. ரூபாயிலேயே போடலாம், 500 ரூபாயில்கூட எஸ்.ஐ.பி. தொடங்கலாம். வெளிநாட்டுச் சொத்து என்று வருமான வரி ரிட்டர்னில் தனியாகக் காட்ட வேண்டியதும் இல்லை.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இந்திய மியூச்சுவல் பண்ட் துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் (பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் பண்டுகளில்) போடுவதற்குத் தனியாக 100 கோடி டாலர். 2022 தொடக்கத்தில் இந்த வரம்பு நிரம்பியதால், பல பண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. அன்றிலிருந்து திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பண்ட் இப்போது பணம் வாங்குகிறதா, எஸ்.ஐ.பி.க்கு உச்சவரம்பு வைத்திருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதே காரணத்தால் நம் பங்குச்சந்தையில் விற்பனையாகும் வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் ஒரு பொறி இருக்கிறது. புது யூனிட்களை உருவாக்க முடியாத நிலையில், வாங்க வருபவர்கள் கூடும்போது யூனிட்டின் சந்தை விலை அதன் உண்மை மதிப்பைவிட மேலே போய்விடுகிறது. நாஸ்டாக் 100 இ.டி.எஃப். சில சமயம் 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட கூடுதல் விலையில் விற்றிருக்கிறது. 100 ரூபாய்ப் பொருளை 110 கொடுத்து வாங்கினால், வரம்பு தளர்ந்த நாளில் அந்தப் பத்து ரூபாய் காணாமல் போகும். வாங்குவதற்கு முன் பண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ.என்.ஏ.வி. என்ற உடனடி மதிப்பைப் பாருங்கள். சந்தை விலை அதைவிட 1 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது எல்.ஆர்.எஸ். வழி. இந்தியாவில் வசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம் இது. வெளிநாட்டுத் தரகரிடமோ, அவரோடு இணைந்த இந்தியச் செயலி வழியாகவோ கணக்குத் திறந்து, அங்குள்ள பங்குகளையும் இ.டி.எஃப்.களையும் நேரடியாக வாங்கலாம். பங்கின் ஒரு பகுதியை மட்டும்கூட வாங்க முடியும். தேர்வு விரிந்தது. இ.டி.எஃப். செலவும் மிகக் குறைவு. ஆனால் பணம் அனுப்பும் கட்டணம், ரிட்டர்ன் வேலை, அமெரிக்க வாரிசு வரி என்று கூடவே வருபவையும் உண்டு. கடன் வாங்கி வர்த்தகம் செய்யும் மார்ஜினுக்கு எல்.ஆர்.எஸ். பணத்தைப் பயன்படுத்தக் கூடாது. அனுப்பிய பணம் 180 நாள்களுக்குள் முதலீடாகவில்லை என்றால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் விதி.

மூன்றாவது, குஜராத்தின் கிஃப்ட் சிட்டி. அங்குள்ள பண்டுகள் டாலரில் முதலீடு வாங்கி உலகச் சந்தைகளில் போடுகின்றன. இந்திய மண்ணில் இருந்தாலும், அங்கே பணம் போடுவதும் எல்.ஆர்.எஸ். கணக்கில்தான் வரும். பல பண்டுகளில் குறைந்தபட்ச முதலீடே பெரிய தொகை என்பதால், இது புதியவருக்கு முதல் இடமல்ல.

மாதம் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று ஒதுக்குபவர் மியூச்சுவல் பண்ட் வழியிலேயே இருக்கட்டும். ஆண்டுக்குப் பல லட்சங்களை ஒதுக்க முடிந்து, ரிட்டர்ன் தாக்கலுக்கு நல்ல ஆடிட்டரும் இருந்தால் மட்டுமே எல்.ஆர்.எஸ். பக்கம் போவது சரி.

நான்காம் படி: எதை வாங்குவது

எஸ் அண்ட் பி 500 பண்ட் ஒன்று, நாஸ்டாக் 100 பண்ட் ஒன்று, அமெரிக்கத் தொழில்நுட்ப பண்ட் ஒன்று என்று மூன்று வைத்திருப்பவர்கள் நிறைய. மூன்றையும் திறந்து பார்த்தால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா, அமேசான், ஆல்பபெட், மெட்டா என்று அதே பெயர்கள்தான் மேலே நிற்கும். எஸ் அண்ட் பி 500இலேயே முதல் பத்து நிறுவனங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இட்லி, தோசை, ஊத்தப்பம் மூன்றும் ஒரே மாவுதான் என்பதைப் போல, இந்த மூன்று பண்டும் ஒரே முதலீடுதான். மூன்றில் ஒன்று போதும். வைப்பதானால் எஸ் அண்ட் பி 500ஐ வையுங்கள். நாஸ்டாக் 100இல் வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களே கிடையாது. அதன் தாய்க் குறியீடான நாஸ்டாக் காம்போசிட் 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை மீண்டும் பார்த்தது 2015இல்தான்.

நாடுகளைப் பரப்புவதே நோக்கம் என்றால், உலகம் முழுவதையும் ஒரே பண்டில் தரும் குறியீடு இன்னும் நல்லது. அதில் ஜப்பான், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, தைவான், கொரியா எல்லாம் அவற்றின் அளவுக்கேற்ப வந்துவிடும். ஒரு நாடு தேய்ந்தால் அதன் பங்கு தானாகக் குறையும், இன்னொன்று வளர்ந்தால் கூடும். நீங்கள் எதையும் கணிக்க வேண்டியதில்லை. எல்.ஆர்.எஸ். வழியில் இப்படிப்பட்ட இ.டி.எஃப்.கள் எளிதாகக் கிடைக்கும். இந்திய பண்டுகளில் தேர்வு குறைவு. அங்கே எஸ் அண்ட் பி 500இல் தொடங்கி, அமெரிக்கா தவிர்த்த வளர்ந்த நாடுகளில் போடும் பண்ட் ஒன்று திறந்திருக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வளரும் நாடுகள் பண்ட் வாங்கும்போது அதன் உள்ளடக்கத்தைப் பாருங்கள். சீனா, தைவான், கொரியாவோடு இந்தியாவும் அதில் பெரிய அளவில் இருக்கும். இங்கே ஏற்கெனவே வைத்திருப்பதையே கூடுதல் செலவில் மறுபடி வாங்குவதாகிவிடும். ஒரே நாட்டு பண்டுகளைப் புதியவர் தொடாமல் இருப்பதே நல்லது. 2021 ஜூலையில் சீன அரசு, பள்ளிப் பாட டியூஷன் நிறுவனங்கள் லாபம் ஈட்டக் கூடாது என்று ஓர் ஆணை போட்டது. அந்தத் துறையின் பங்குகள் சில நாள்களில் தரைமட்டமாயின. அப்படிப்பட்ட அரசியல் அபாயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எல்.ஆர்.எஸ். வழியில் பணம் அனுப்புவது

மியூச்சுவல் பண்ட் வழியில் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

கணக்குத் திறக்க பான், முகவரிச் சான்று, வங்கி விவரம் போதும். அப்போதே டபிள்யூ-8பென் என்ற படிவத்தில் கையொப்பமிடச் சொல்வார்கள். நீங்கள் அமெரிக்கர் அல்ல, இந்தியாவில் வரி கட்டுபவர் என்று சொல்லும் படிவம் இது. இருந்தால் டிவிடெண்டில் 25 சதவீதம் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் 30. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து வங்கியில் ஏ2 படிவம் கொடுத்துப் பணம் அனுப்ப வேண்டும். பெரும்பாலான வங்கிகளில் இணையத்திலேயே முடியும். செலவு இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, அனுப்பும் கட்டணம். மற்றது, டாலர் விலையில் வங்கி வைக்கும் கூடுதல். உதாரணத்துக்கு, கட்டணம் 1,000 ரூபாய், விலைக் கூடுதல் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய் அனுப்பினால் 1,750 ரூபாய் செலவு, அதாவது மூன்றரை சதவீதம். 3 லட்சம் அனுப்பினால் 5,500 ரூபாய், இரண்டு சதவீதத்துக்கும் கீழே. மாதாமாதம் சிறுசிறு தொகையாக அனுப்புவதைவிட ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அனுப்புவது மேல். விலைக் கூடுதலைக் குறைக்கும்படி கிளை மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள், பேரம் பேசக்கூடியதுதான்.

அப்புறம் டி.சி.எஸ். ஒரு நிதியாண்டில் நீங்கள் எல்.ஆர்.எஸ்.இல் அனுப்பும் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 20 சதவீதத்தை வங்கி பிடித்து வரித்துறையிடம் கட்டும். 15 லட்சம் அனுப்பினால் தாண்டிய 5 லட்சத்துக்கு 1 லட்சம். இது கூடுதல் வரி அல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டிக் கட்டிய வரி. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர் அலுவலகத்தில் தெரிவித்தால் மாத டி.டி.எஸ்.இலேயே சரிக்கட்டுவார்கள். இருந்தாலும் பல மாதம் பணம் முடங்கும், அதனால் 10 லட்சத்துக்குள் நிற்பது வசதி.

ஆறாம் படி: வரியும் ரிட்டர்னும்

வெளிநாட்டுப் பங்கை நேரடியாக வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கின்படி. வெளிநாட்டுப் பங்குகளில் போடும் இந்திய பண்டுகளுக்கும் இப்போது இதே கணக்கு. இங்கே பட்டியலிடப்பட்ட இ.டி.எஃப். என்றால் 12 மாதம் போதும். இந்தியப் பங்குகளுக்கான ஒன்றேகால் லட்சம் ரூபாய் விலக்கு இவற்றுக்குக் கிடையாது. அமெரிக்காவில் டிவிடெண்டுக்குப் பிடித்த 25 சதவீதத்தை இந்தியாவில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்கான படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்தால்.

நேரடியாக வைத்திருப்பவர்களும் ஆர்.எஸ்.யு. வைத்திருப்பவர்களும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற பகுதியைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு பங்கு இருந்தாலும், அந்த ஆண்டு எதையும் விற்காவிட்டாலும்தான். ஐ.டி.ஆர்.-1இல் இந்தப் பகுதியே இல்லை, ஐ.டி.ஆர்.-2 அல்லது 3 போட வேண்டும். இங்கே கேட்பது நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025-26 நிதியாண்டின் ரிட்டர்னில் 2025 டிசம்பர் 31 வரையிலான இருப்பையும், ஆண்டில் இருந்த உச்ச மதிப்பையும் காட்ட வேண்டும். தரகரின் ஆண்டறிக்கையை ஜனவரியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஜூலையில் அல்லாட வேண்டாம். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள். காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் குடியிருக்காத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் அமெரிக்கப் பங்குகளோ அங்கே பதிவான இ.டி.எஃப்.களோ 60,000 டாலருக்கு மேல் இருந்தால், தாண்டிய தொகைக்கு அமெரிக்க அரசு வாரிசு வரி கேட்கும். 40 சதவீதம் வரை ஏறக்கூடிய வரி அது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கென ஒப்பந்தம் இல்லை. ஆர்.எஸ்.யு. சேர்ந்துபோனவர்கள் பலர் இந்த வரம்பைத் தெரியாமலேயே தாண்டியிருக்கிறார்கள். தப்பிக்கச் சட்டப்படியான வழி உண்டு. அயர்லாந்தில் பதிவாகி லண்டன் சந்தையில் விற்பனையாகும் இ.டி.எஃப்.கள் அதே எஸ் அண்ட் பி 500ஐயும் உலகக் குறியீட்டையும் பின்பற்றுகின்றன. அவற்றுக்கு இந்த வரி கிடையாது. அமெரிக்க டிவிடெண்டிலும் பண்ட் அளவில் 15 சதவீதம்தான் பிடிக்கப்படும். எல்லாச் செயலிகளிலும் இவை கிடைப்பதில்லை, கணக்குத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்திய மியூச்சுவல் பண்ட் வழியில் போட்டவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஏழாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்

ஏதாவது ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பங்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 15 என்று முடிவு செய்தது 20 ஆகியிருந்தால் விற்க அவசரம் வேண்டாம், வரி வரும். புதுப் பணத்தை இந்தியப் பக்கம் திருப்பினாலே சில மாதங்களில் சரியாகும். 10க்கு இறங்கியிருந்தால் வெளிநாட்டு எஸ்.ஐ.பி.யைக் கூட்டுங்கள். மனசு ஒப்பாத வேலை இது. நன்றாக ஏறிய பக்கம் குறைத்து, சோர்ந்து கிடக்கும் பக்கம் சேர்க்கச் சொல்கிறது. எத்தனை சதவீதம் என்பதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் கை நடுங்காது.

அதே தாளில் கணக்கு எந்தத் தரகரிடம், எந்த மின்னஞ்சலில், எந்த வங்கியிலிருந்து பணம் போகிறது என்பதையும் எழுதிக் கணவரிடமோ மனைவியிடமோ கொடுங்கள். வெளிநாட்டுத் தரகர்களில் பலர் நம் ஊர் டீமேட் போல நாமினி முறை வைத்திருப்பதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மொழிபெயர்ப்பு, சில நேரம் நீதிமன்ற ஆணை வரை கேட்பார்கள். உயில் ஒன்று எழுதி, அதில் இந்தக் கணக்கைக் குறிப்பிட்டு, முடிந்தால் பதிவும் செய்துவிடுங்கள்.